வெல்டாவின் இருபத்தேழு வயசு வண்டி

வெல்டா ஸ்ட்ரேஹார்ன் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டினவள். பனியிலும் சேற்றிலும் ஒரு பிள்ளைக்குக்கூட கீறல் விழாமல் ஓட்டினேன் என்பதை யாராவது கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். புருஷன் ராய்ஸ் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் வீட்டை விற்றுவிட்டு, அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு பழைய வண்டிவீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மகன் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும், அவன் தலைதானே.

கோடைக்கு வடக்கே மலைப்பக்கம், குளிர்காலத்துக்கு அரிசோனாப் பாலைவனம். அங்கே இவர்களைப் போலவே நரைத்த தலைகள் கூட்டம் கூட்டமாக வண்டியோடு வந்து இறங்கும். குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது, ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது. அந்த வாழ்க்கை வெல்டாவுக்கு அப்படியே ஒத்துப்போனது.

ஆனால் கிடங்குத் தூசி ராய்ஸை விடவில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும், நின்றால் வாங்கும். படுக்கும்போது கட்டாயம் மூச்சுக் கருவி ஓட வேண்டும் என்று டாக்டர் இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார். கூரையில் இருந்த சூரியத் தகட்டுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. கரண்ட் வேண்டுமென்றால் ஊருக்குள் வண்டிவீடுகளை வாடகைக்கு நிறுத்துகிற வண்டிப் பூங்காவில் இடம் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது.

பூங்காக்காரர்களிடம் ஒரு சட்டம் உண்டு. பத்து வயசு தாண்டிய வண்டியை உள்ளே விட மாட்டார்கள். பார்க்க லட்சணமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒரு போட்டோ முதலாளிக்குப் போக வேண்டும், அவர் எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். பக்கத்து வண்டியைப் படம் பிடித்துத் தன்னுடையது என்று அனுப்பும் புண்ணியவான்கள் இருந்ததால், இந்தப் பூங்காவின் மேலாளர் எல்வின் தோர்ப் தானே நேரில் வந்துதான் படம் எடுப்பார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

வெல்டாவின் வண்டிக்கு இருபத்தேழு வயசு. வெளிச்சுவர் வெளுத்துச் சுண்ணாம்பாகி, சாய்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை. பக்கவாட்டில் ஓடிய நீலக் கோடு பாதி உரிந்து தொங்கியது. எல்லாவற்றுக்கும் மேலே, படுக்கைக்கு நேராகக் கூரையில் இருக்கிற காற்றுத் திறப்பைச் சுற்றி ஒழுக்கு.

"வெளிப்பக்கத்தைத் தேய்ச்சு மெழுகு போடு. போட்டோவுல கூரையா தெரியப் போகுது?" என்றான் ராய்ஸ்.

"ஒழுகுற தண்ணி எங்க விழும் தெரியுமா? உன் மூச்சு மெஷின் மேல. கரண்ட்டு மெஷின். மழை பெய்ஞ்சா மூச்சு வராது, ஷாக்குதான் வரும்."

"பாலைவனத்துல மழையாம். உள்ளயே விடலேன்னா மெஷினை எதுல சொருகுவே, உன் மூக்குலயா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் வெல்டாவுக்கு எரிச்சல். இரண்டு வேலையும் வீட்டில் செய்கிற வேலைதான், மெக்கானிக் வேண்டாம். ஆனால் இரண்டையும் செய்ய அவளுக்கு முட்டியும் இல்லை, நாளும் இல்லை. ஒன்றைத்தான் எடுக்க முடியும். அவள் கூரையை எடுத்தாள். பளபளப்பாக ஒழுகுகிற வண்டியில் புருஷனைப் படுக்க வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தப் பாலைவனத்தில் யாராவது கூரைமேல் ஏறினால் போதும், எங்கிருந்துதான் வருவார்களோ, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க நாலு ஆம்பிளைகள் வந்துவிடுவார்கள். ஒருத்தரும் ஏற மாட்டார்கள், யோசனை மட்டும் மேலே வரும். முதல் ஆளாக வந்தவன் அடுத்த வண்டிக்கார லமார் புரூயெட்.

"பழைய பூச்சு எப்படி இருக்கு, வெல்டா?"

"தொட்டா ரப்பர் மாதிரி வழவழன்னு இருக்கு."

லமார் ஏணியில் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தான். "அடக் கடவுளே, இது குளியலறைக்குப் பூசுற சிலிக்கான்! எந்த மடையன் பூசினான் இதை?"

மடையன் கீழே மடக்கு நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தான்.

"அது நல்ல பசைதான்," என்றான் ராய்ஸ்.

"குளிக்கிற தொட்டிக்கு நல்ல பசை," என்றாள் வெல்டா மேலிருந்து. "இந்த ரப்பர் கூரையில அதைப் பூசினா அப்புறம் எதுவுமே ஒட்டாது. கூரைக்குன்னு இருக்கிற பசையும் ஒட்டாது. இதைப் பூரா நான் சுரண்டி எடுத்தாகணும். நல்லா இருப்பே, ராய்ஸ்!"

நாலு ஆம்பிளைகளும் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு, சிறு ஆக்சிஜன் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அங்கே புதரைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. கோபித்துக்கொண்டு போகிறான், போகட்டும் என்று வெல்டாவும் விட்டுவிட்டாள். நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே பட்டது. இறங்கிப் போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இரும்பால் சுரண்டினால் கூரை கிழியும். அதனால் பிளாஸ்டிக் கரண்டியின் முனையால் நெம்பி, விரலால் பிய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி நெம்பி, இப்படியே வாரம் போனது. தினமும் காலையில் ராய்ஸ் காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் அந்தப் பக்கம் போய்விடுவான். அவள் அவ்வப்போது மேலிருந்து குரல் கொடுப்பாள்.

"ராய்ஸ், உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்... உன் வேலையைப் பாரு."

"உக்கார்ந்த இடத்துல உனக்கு என்ன இப்படி மூச்சு வாங்குது?"

வியாழக்கிழமை புதுப் பசையைப் பிதுக்கினாள். அது தானாகவே பரவி, திறப்பைச் சுற்றிச் சமமாக உட்கார்ந்தது. வெள்ளி காலையில் ஒரு குடுவைத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் படுக்கையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சந்தோஷம் தோர்ப் வரும்வரைதான். வாசல் பக்கம் நின்று, உரிந்த கோட்டையும் வெளுத்த சுவரையும் மேலும் கீழும் பார்த்தார். உள்ளே வந்து திறப்பைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"கூரை கெட்டியா இருக்கும்மா. நல்லா செஞ்சிருக்கீங்க. என்னைக் கேட்டா இப்பவே விட்டுருவேன். ஆனா முதலாளி கட்டைவிரலால பார்க்கிறவர் இல்ல, போட்டோவுல பார்க்கிறவர்."

"போட்டோவுலயா மெஷினைச் சொருகி மூச்சு விடப் போறான் என் புருஷன்?" வெல்டாவின் குரல் உடைந்துவிட்டது. தப்பான வேலையை எடுத்துவிட்டோமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது.

"அந்தப் பக்கமும் பார்த்துடறேன்," என்று அவர் வண்டியைச் சுற்றிப் போனார். பார்த்து என்ன ஆகப் போகிறது என்று அவளும் பின்னாலேயே போனாள்.

போனவள் நின்றுவிட்டாள். முன் விளக்கிலிருந்து பின் சக்கரம் வரை வண்டி மின்னியது. நீலக் கோட்டின் உரிந்த விளிம்புகளை ஒழுங்காக வெட்டி, ஒட்டி, மெழுகு போட்டுத் தேய்த்திருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. ஆனால் பாதி உயரம்தான். அதற்கு மேலே பழைய சுண்ணாம்பு. கீழே மணலில், சுவரை ஒட்டி நெடுக நாற்காலிக் கால்களின் தடம். தடம் முடிகிற இடத்தில் நாற்காலி, நாற்காலியில் ராய்ஸ். மடியில் துணியும் லமாரின் மெழுகு டப்பாவும். அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெல்டாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. "மூச்சு விட முடியாதவன் செய்யற வேலையா இது?"

"நான் எழுந்திருக்கவே இல்லையே," என்றான் ராய்ஸ்.

தோர்ப் தொண்டையைச் செருமினார். "ஐயா, நாற்காலியைக் கொஞ்சம் தர்றீங்களா?" ராய்ஸ் வெல்டாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவர் நாற்காலியைச் சுவருக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்து, போனைத் தாழ்த்திப் பிடித்து, ஒரே ஒரு படம் எடுத்தார். படம் முழுக்கப் பளபளப்பு.

"நல்ல வண்டி," என்றார். "இந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்து நிறுத்துங்க."

மறு வாரம் பூங்காவில் கரண்ட்டைச் சொருகினார்கள். ராய்ஸின் கருவி படுக்கைக்குப் பக்கத்தில், காய்ந்த கூரைக்குக் கீழே ஓடியது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பெண்கள் அந்த வண்டி முன்னால் நின்று நின்று போவார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்.

"ஏன் பாதியோட விட்டுட்டீங்க? மெழுகு தீர்ந்துபோச்சா?"

டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது. வெல்டாவின் முட்டியும் தேறியிருந்தது.

"தீரலை," என்றாள் வெல்டா. "ராய்ஸ் கை அவ்வளவுதான் எட்டும்."