தட்டு மறையும் ஆழம்

"இன்னும் விடு," என்றாள் டோலோரஸ்.

அவள் கணவர் கேசிமிர் படகின் விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து, தட்டு கட்டிய கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அடிக்கு ஒரு முடிச்சு. கறுப்பும் வெள்ளையுமான தட்டு எந்த முடிச்சில் மறைகிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவுக்குக் கணக்கு. நாலாவது முடிச்சு போயிற்று. தட்டு பளிச்சென்று தெரிந்தது. ஐந்தாவதில்தான் மறைந்தது.

"அஞ்சு," என்றார், யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்வதுபோல.

ஏரி உறையாத மாதங்களில், ஆறு வருடமாக, ஈரி ஏரியின் இதே இடத்தில் திங்கட்கிழமைதோறும் அளந்து நோட்டில் எழுதிவருகிறார். எப்போதும் நாலு. கடந்த இரண்டு வாரம் மட்டும் அளக்க வரமுடியவில்லை. இப்போது துறைமுகத்து வாய்க்காலைத் தூர்வாரி, இரண்டு வாரமாக வண்டலை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பெர்ச் மீன் ஒன்றுகூடத் தூண்டிலுக்கு வரவில்லை. நாளை இதைப் பற்றி விசாரணைக் கூட்டம். நோட்டைக் காட்டிக் கொட்டுவதை நிறுத்தச் சொல்லவேண்டும்.

"மண்ணக் கொட்டினதும் ஏரி தெளிஞ்சுபோச்சுன்னு என் நோட்டே சொல்லுது. நன்றி சொல்லி இன்னும் பத்து படகு அனுப்புவாங்க."

"ஏரி எங்க தெளிஞ்சுது? ரெண்டு வாரம் முன்னாடி கண்ணுல புரை எடுத்தாங்களே, நீதான்யா தெளிஞ்சிருக்கே."

கேசிமிர் நிமிர்ந்தார். முப்பது வருடம் கண்ணாடி ஆலையில் புட்டிகளில் கீறல் பார்த்தவர். கண்ணைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார். ஆனால் போன வாரம்தான், வருடக்கணக்காக யாரும் தொடாத சமையலறைச் சுவருக்கு எப்போது வெள்ளையடித்தாய் என்று அவளைக் கேட்டிருந்தார்.

"பழைய கண்ண திருப்பி வெப்பாங்களா?"

டோலோரஸ் கைப்பையிலிருந்து ஒரு கட்டு மாதா கோவில் பிங்கோ சீட்டுகளை எடுத்தாள். பின்பக்கமெல்லாம் தேதியும் எண்ணும்.

"நீ நாலுன்னு கத்தினப்பல்லாம் எனக்கு ஏழு தெரிஞ்சுது. சொன்னா படகவிட்டு இறங்குன்னே. அதான் எழுதிவெச்சேன்."

"இன்னிக்கு?"

"அஞ்சு."

ஏழு ஐந்தாகியிருக்கிறது; ஏரி கலங்கித்தான் போயிருக்கிறது. கேசிமிருக்கு உயிர் வந்தது. உடனே பாதி போனது.

"சீட்டக் குடு. நான் பேசிக்கிறேன்."

"நானே வாசிப்பேன். தேதியோட."

"ஆறு வருஷத்தையுமா?"

"ஆறு வருஷத்தையும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு நூலக மாடியில் கூட்டம் நடந்தது. டோலோரஸ் நாற்பது நிமிடம் வாசித்தாள். கேசிமிர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சீட்டுகளை நகல் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வரும்வரை அந்த இடத்தில் கொட்டுவதில்லை என்றார்கள். இருவரும் வீட்டுக்கு வந்து பியரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டார்கள். சமையலறைச் சுவர் வெள்ளையாக இருந்தது.