தட்டில் இருந்த அஞ்சு சாமான்

பெரிய டாக்டரிடம் எடுபிடியாக இருப்பவன் பையைத் தூக்கினால் மட்டும் போதாது, பேச்சும் வாங்க வேண்டும். இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் எனக்கு வாய்த்த டாக்டர், கிழடுகளின் மறதி வயசுக் கோளாறு அல்ல, மூளை நோய் என்று சொன்னவர். எங்கள் பக்கம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஊர் ஊராகப் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

கணபதி

ஒரு தட்டில் சாவி, சீப்பு, தீப்பெட்டி, பாக்குவெட்டி, நூல்கண்டு. காட்டிவிட்டுத் துணியால் மூடுவார். என்னென்ன இருந்தது என்று பெரியவர் சொல்ல வேண்டும். கணபதி என்ற ஊரில் ஒரு கவுண்டர் விழித்தார். மகன் முந்திக்கொண்டு அஞ்சையும் ஒப்பித்தான். டாக்டர் முறைத்தார்.

"ஏனுங்க டாக்டரே, அப்பனைக் கேட்டா என்ன, என்னைக் கேட்டா என்னங்க? ஒரே ஊடுதானுங்களே!"

கருமத்தம்பட்டி

அங்கே ஒரு அம்மாள் சீப்பை மறந்து அழப்போனாள். மனசு கேட்காமல் நான் தலையை வாரிக் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டார். நெசவுக்காரர் இருபது பேர் பார்க்க என்னை வெளியே தள்ளினார். அதை நான் மன்னிக்கவில்லை.

"உன் இரக்கம் என் நோட்டுக்கு விஷம். போய் வாசல்ல நில்லு!"

எங்கள் வீடு

அடுத்த வருஷம் எங்கப்பன் சாப்பிட்டு எழுந்ததும் மறுபடி சோறு கேட்க ஆரம்பித்தார். கேள்விப்பட்ட டாக்டர் தானாகவே பார்க்க வருவதாகச் சொன்னார். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். மூளை நோய் என்றால் எவன் பெண் எடுப்பான்? அந்த ஆளின் நோட்டில் எங்கப்பன் பேர் ஏறக் கூடாது என்ற வீம்பும் சேர்ந்தது. நாலு நாள் உட்கார்த்தி வைத்து அஞ்சையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். அப்பன் தடங்கலில்லாமல் சொன்னார். டாக்டர் 'குறையில்லை' என்று எழுதினார்.

"இதுக்குத்தானுங்களா கார் போட்டு வந்தீங்க?" என்றார் அப்பன்.

பவானி

டாக்டரே சொல்லிவிட்டார் என்ற தைரியத்தில் அண்ணன், பவானியில் ஒரு கல்யாணத்துக்கு அப்பனைத் தனியாக பஸ் ஏற்றினான். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அப்பன் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை, திரும்பவும் இல்லை. ஆறுகள் கூடும் கூடுதுறைப் படியில் அவர் துண்டு மட்டும் கிடைத்தது.

டாக்டர் வந்தார். "சொல்லிக் கொடுத்தியாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "இல்லைங்க" என்றேன். நோட்டை எடுத்து அப்பன் பேர் இருந்த பக்கத்தைப் பிரித்தார்.

"தப்பு என்னுதுதான். சாமானை மாத்தி வெச்சிருக்கோணும்."

அவருக்கு ஒண்ணும் தெரியாது என்று அப்புறம் பல வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கு என் பேரன் பேரே சட்டென்று வர மாட்டேன் என்கிறது, அந்த அஞ்சு சாமான் மட்டும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது.