வெள்ளை லாப்ஸ்டரும் பரணில் ஏறிய செப்புக் குடமும்

உரித்த சட்டையைத் தானே உட்கார்ந்து தின்னும் ஒரு பிராணியை என் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று வருடம் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன். இதை எழுதும்போதும் வாயில் எச்சில் புளிக்கிறது.

கடைக்காரர்கள் அதை லாப்ஸ்டர் என்பார்கள். உண்மையில் அது நல்ல தண்ணீரில் வாழும் வெளிநாட்டு இறால். விரல் நீளம், இரண்டு கொடுக்கு, ஒரு திமிர். புத்தகங்களில் க்ரேஃபிஷ் என்று போட்டிருக்கும். தேனியில் எங்கள் தெருவில் அதற்குத் தேளு என்று பெயர். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "தேளுக்குத் தண்ணி மாத்துற வீட்ட இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிப் போனார். பிறகு எங்கள் வீட்டில் காபி குடிக்கவில்லை.

நான் அப்போது ஒரு கல்லூரியில் நூலகர். புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொழுதுபோக்கு வந்தால் அதிலும் படித்துத்தான் கெட்டுப்போவான். தங்கமீனில் ஆரம்பித்து, நீல லாப்ஸ்டர் ஒன்று வாங்கினேன். தேனியில் லாப்ஸ்டர் வளர்த்தவர்கள் எனக்குத் தெரிந்து என்னையும் சேர்த்து நாலு பேர். நாலு பேரிடமும் நீலம்தான் இருந்தது. அங்கே பிடித்தது சனி. ஊரில் எவனிடமும் இல்லாத நிறம் எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரைக்குப் பஸ் ஏறுவேன். மீன் கடைகளின் பின்பக்கத்தில், பாசி பிடித்த தொட்டிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். செத்த மீனும் ஈர அட்டைப்பெட்டியும் கலந்த நாற்றம் சட்டையில் ஏறி, திரும்பி வரும்போது பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். ஒரு கடையில் பவழ நிறம் என்று வாங்கி வந்தது, அடுத்த முறை சட்டை உரித்ததும் சேற்று நிறத்தில் வெளியே வந்தது. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ஊர் மாறுனா கலர் மாறும் சார். நம்மளே அப்படித்தான்" என்றார்.

அந்தப் பவழத்தை என் நீலம் ஒரு மத்தியானத்தில் தின்று முடித்தது. முதலில் கால்கள். பிறகு, பாதி உயிரோடிருக்கும்போதே, மற்றவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எதை நினைத்து அதிகம் குமட்டுகிறது என்று கேட்டால், அந்தக் குறிப்பேட்டைத்தான் சொல்வேன்.

படித்ததில் ஒரு விஷயம் என்னை ஆட்டி வைத்தது: இந்த இனத்துக்குச் செம்பு விஷம், துளி கலந்தாலும் செத்துப்போகும். என் மனைவிக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த செப்புக் குடம் அடுப்படியில் இருந்தது. காலையில் அதில்தான் தண்ணீர் மொண்டு குடிப்பாள். குடத்தில் முங்கிய சொம்பு தப்பித் தவறித் தொட்டியில் முங்கினால் என்ன ஆவது? குடத்தைப் பரணில் ஏற்றினேன்.

"இருவது வருசமா அந்தத் தண்ணியக் குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள்.

"நீ தாங்குவ. அது தாங்காது."

"அதான் தெரியுதே, யாரு தாங்குறதுன்னு."

பிளாஸ்டிக் குடம் வந்தது. அவள் அதிலிருந்து ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் முகத்தைச் சுளித்தாள். தொட்டியைப் பார்த்துச் சுளித்தாளா, என்னைப் பார்த்தா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் வெள்ளை கிடைத்தது. கூடலூரிலிருந்து குமுளி மலை ஏறும் ஜீப் ஓட்டுநர் ஒருவர், கேரளப் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து பாலிதீன் பையில் கொண்டுவந்து கொடுத்தார். வடித்த சோற்று வெள்ளை. முதுகில் மட்டும் இரண்டு நீலப் பொட்டு. பெண். நீலத்தோடு சேர்த்து விட்டுப் பார்த்தேன். அதிசயமாக, நீலம் அதைத் தின்னவில்லை. சில வாரத்தில் வெள்ளையின் வாலுக்கடியில் முட்டை கொத்தாகத் தொங்கியது.

அந்த முட்டைகள் பொரிந்தால் பொட்டு வைத்த வெள்ளை ஒரு வம்சமாகும். அதற்கு 'வருசநாட்டு வெள்ளை' என்று பெயர்கூட வைத்துவிட்டேன். குஞ்சு ஒன்றுகூட இல்லாத வம்சத்தைப் பற்றி மற்ற மூன்று பேருக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் முகம் சுருங்கியதில் எனக்கு இரண்டு வேளை பசிக்கவில்லை.

அது மின்வெட்டுக் காலம். கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நிற்கும், போட்ட ஈரல் துண்டு அழுகும், தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கும். நீலம் முதலில் போய்ச் சேர்ந்தது. வெள்ளை மூச்சு முட்டித் தண்ணீர் மட்டத்துக்கு ஏறி வந்து ஒருக்களித்துத் தொங்க ஆரம்பித்தது. ஓடுகிற தண்ணீர் வேண்டும். கூடலூரில் என் மனைவியின் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. வாய்க்காலிலிருந்து குழாய் வழியாக நூல் மாதிரித் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இதுக்கா மாப்ள லீவு போட்டு வந்தீக?" என்றார் மச்சான்.

"முட்டை வச்சிருக்கு மச்சான்."

குனிந்து பார்த்தார். "பன்னீர் திராட்சைக் கொத்து கெணக்காத் தொங்குது. மருந்தடிக்காம நிக்குமா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, பந்தலுக்கடியில் இருந்த சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். "கொடிக்கு அடிக்கத் துத்தம் கலக்குற தொட்டி. நீங்க போன் பண்ணவும் நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்."

"சோப்புப் போட்டீகளா?" என்றேன் கண்டிப்புடன். சோப்பும் ஆகாது என்று படித்திருந்தேன்.

"ஐயே, வெறும் தேங்கா நாருதான்."

திருப்தியாக இருந்தது. தொட்டியின் சுவர் எத்தனையோ வருடத்து மருந்து ஊறி, வெளிறிய மயில் நீலத்தில் இருந்தது. அதில் விட்டதும் வெள்ளையின் முதுகுப் பொட்டும் சுவரும் ஒரே நிறமாகச் சேர்ந்துகொண்டன. இவ்வளவு நாள் கண்ணாடித் தொட்டியில் வைத்து அதன் அழகைக் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் மச்சானிடம் சொல்லவும் செய்தேன்.

மறுநாள் காலை வெள்ளை மல்லாந்து கிடந்தது. கால்கள் மேலே. முட்டைக் கொத்து தளர்ந்து, தண்ணீர் விழும் அசைவில் ஆடிக்கொண்டிருந்தது. எடுத்து வரப்பில் வைத்துவிட்டுக் கை கழுவத் திரும்பினேன். தோட்டத்துக் கோழி ஒன்று வந்து முட்டைக் கொத்தை முதலில் தின்றது. பிறகு உடம்பு. கொடுக்கை மட்டும் பிடிக்காமல் உதறிப் போட்டது.

"அடடா" என்றார் மச்சான். "அந்தக் கோழியத்தான் மத்தியானத்துக்கு வச்சிருந்தேன்."

நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். குழம்பு நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "உங்கண்ணன் தொட்டியச் சரியாக் கழுவல" என்றேன். பிறகு போனில் மச்சானிடமும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன். அவர், "நல்லாத்தான தேச்சேன் மாப்ள" என்றார்.

மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப கொடத்த எறக்கிறலாமா?"

நானே ஏறி இறக்கினேன், நானே துலக்குகிறேன் என்று உட்கார்ந்தேன். பரணில் கிடந்து களிம்பு ஏறியிருந்தது. புளியைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். கழுத்து மடிப்பிலிருந்து வெளிறிய மயில் நீலம் வழிந்து என் கையில் இறங்கியது. அந்தத் தொட்டிச் சுவரின் நிறம். மயில்துத்தம் என்கிற அந்தத் துத்தம் காப்பர் சல்ஃபேட் என்று ஏழாம் வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவன் நான். செம்பு கூடாது என்று குடத்தைப் பரணில் ஏற்றியவன், தோட்டம் வரை போய், செம்பிலேயே ஊறிய தொட்டியாகப் பார்த்து அதை இறக்கிவிட்டிருக்கிறேன். அழகு என்று பாராட்டியும் இருக்கிறேன்.

"என்ன, அப்படியே உக்காந்துட்டீக?" என்றாள்.

"களிம்பு" என்றேன்.

மச்சானிடம் அதைச் சொல்லவேயில்லை. தான் சரியாகக் கழுவாததால்தான் மாப்பிள்ளையின் ஆசைப் பிராணி செத்தது என்று நம்பிக்கொண்டு, பழம் பறிக்கும்போதெல்லாம் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார். கொத்துகளில் அங்கங்கே நீலம் பூத்திருக்கும். நன்றாகக் கழுவிவிட்டுத் தின்கிறேன்.