சாவு வீட்டில் மேட் பாக்ஸ்

கேமராவின் முகத்தில் நான் மாட்டும் கறுப்புப் பெட்டிக்கு மேட் பாக்ஸ் என்று பெயர். வெயில் நேராக லென்ஸில் விழாமலிருக்க மேலே ஒரு மறைப்பு இருக்கும். உள்ளே சதுரக் கண்ணாடிகளைச் செருகத் தட்டுகள். அதை வாங்கிய நாளிலிருந்து என் வலது தோள் வலிக்காத முகூர்த்தம் கிடையாது.

செங்கல்பட்டில் வீடியோ எடுத்துப் பிழைப்பவனுக்கு மாமல்லபுரம் கடற்கரைதான் கதி. ஜோடிகள் அலங்காரம் முடித்து உச்சி வெயிலில்தான் வந்து நிற்பார்கள். மணல் வெள்ளை, கடல் வெள்ளை, மாப்பிள்ளை சட்டையும் வெள்ளை. வெளிச்சத்தைக் குறைக்க ஒரு சாம்பல் கண்ணாடி வேண்டும். தண்ணீரின் பளபளப்பை அடக்க போலரைசர் என்கிற இன்னொன்று வேண்டும். ஒவ்வொரு லென்ஸுக்கும் வாய் ஒவ்வோர் அளவு. அத்தனைக்கும் தனித்தனி ஃபில்டர் வாங்கிக் கட்டுப்படியாகாது. மேட் பாக்ஸ் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி போதும்.

கடைக்காரர் மூன்று தட்டு உள்ளதைத் தள்ளிவிடப் பார்த்தார். தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு தட்டு உள்ளதாக, அதில் ஒன்று சுழலும்படியானதாகத் தேடி எடுத்தேன். போலரைசரைச் சுழற்றிச் சுழற்றித்தான் பளபளப்பு எங்கே அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். சுழலாத தட்டில் அதைச் செருகுவது வீண் வேலை. என் தொழில் கூட்டாளிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. "மச்சான், பொட்டி மாட்னாதான் கேமராவுக்கே மரியாத" என்பான். அதுவும் பொய்யில்லை. மண்டபத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் தாமாக வழிவிடுகிறார்கள்.

அதனாலேயே சாவு வீட்டுக்கு அதைக் கொண்டுபோவதில்லை. அங்கே போய்ப் படம் காட்டினால் செருப்பு பறக்கும்.

சாவுக்கும் வீடியோவா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்போது அப்படித்தான். வைகாசி முழுக்க முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடி, கோவளத்தில் ஒரு ஜோடியை எடுத்துவிட்டு, முழுத் தூக்கம் இல்லாமல் கிடந்த காலையில் அப்படி ஓர் அழைப்பு வந்தது. போகப் பிடிக்கவில்லை. போனேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். இறந்தவருக்கு ஒரே மகள். கனடாவில் இருந்தாள், பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்தது, விமானம் ஏற முடியாது. பிற்பகலில் எடுப்பதற்குள் அம்மா முகத்தை அவள் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் நான். கூட்டாளி லேப்டாப்பில் நேரலையைப் பார்த்துக்கொண்டான். அவளுடைய தாய்மாமன் போனில் அவளோடு பேசியபடி என் பக்கத்தில் நின்றார்.

உடல் ஐஸ் பெட்டியில் இருந்தது. தலைமாட்டில் அவளுடைய அப்பா குனிந்தபடி நின்றிருந்தார். காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மகள் அழைத்தும் போனை வாங்கவில்லை. கேமராவை அவர் பக்கம் திருப்பினால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். விட்டுவிட்டேன்.

ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது. "மாமா, அம்மா மூஞ்சி தெர்லயே. ஒரே வெள்ளையா கீது."

திரையைப் பார்த்தேன். மேலே கட்டியிருந்த வெள்ளை ஷாமியானா முழுவதும் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் பிம்பமாக விழுந்து கிடந்தது. கேமராவை இடம் மாற்றிப் பார்த்தேன், உயர்த்திப் பார்த்தேன். போகவில்லை. குளிப்பாட்டத்தான் பெட்டியைத் திறப்பார்கள். அப்போது கேமரா கூடாது. அதன்பின் மாலைகளில் முகம் புதைந்துவிடும்.

கோவளத்திலிருந்து வந்தபின் வேனிலேயே இறக்காமல் கிடந்த மேட் பாக்ஸை எடுத்துவந்து மாட்டினேன். தாய்மாமனுக்கு முகம் மாறியது.

"இன்னா அண்ணாத்த, சாவு வூட்ல சினிமா எடுக்கிறியா?"

கோபம் வந்தது. சண்டை போடத் தெம்பில்லை. "பொண்ணுக்கு முகம் தெரியணும்னா இது வேணும்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால்மாட்டிலிருந்து சாய்வாகக் கோணம் வைத்து, போலரைசரைச் செருகிச் சுழற்றினேன். வெள்ளை மெல்ல வடிந்தது. பெரிய குங்குமப் பொட்டு, நெற்றியில் ஒட்டிய நாணயம், மூக்குத்தி. அந்த அம்மாள் வந்துவிட்டார்.

மகள் வாய்விட்டு அழுதாள். தாய்மாமன் என்னைப் பார்க்காமல் என் முதுகைத் தட்டினார். அந்த நேரத்திலும் எனக்குள் கொஞ்சம் பெருமை முளைத்தது. தொழில் புத்தி, வேறென்ன.

அழுகை அடங்கியதும் அவள் என்னிடம் கேட்டாள். "அண்ணா, கொஞ்சம் முன்னாடி கண்ணாடில அப்பா தெரிஞ்சாரு. இப்ப காணோமே?"

பளபளப்போடு சேர்ந்து அவருடைய பிம்பமும் போயிருந்தது.

"அம்மா தனியா கீற மாதிரி இருக்குண்ணா. அப்பாவயும் நான் இன்னும் பாக்கவேயில்ல."

தட்டைப் பாதி பின்னால் திருப்பினேன். வெள்ளை லேசாகப் படர்ந்தது. அதற்குள் இரண்டு முகமும் இருந்தன, அவர் முகம் மனைவியின் முகத்தை ஒட்டினாற்போல. ஆனால் கடற்கரை உப்பில் தட்டின் பூட்டுத் திருகு எப்போதோ தேய்ந்துவிட்டிருந்தது. கையை எடுத்தால் தட்டு நழுவும், அவர் மறைந்துவிடுவார். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் இடித்ததால் இன்னொரு கையால் ஸ்டாண்டைப் பிடித்திருந்தேன். தோள் வலியில் உயிர் போயிற்று.

அப்போது கண்ணாடியில் அவர் உதடு அசைந்தது.

"மாமா, அப்பா பேசுறாரு" என்றாள் மகள். "அம்மா கிட்ட பேசுறாரு."

என்ன பேசினார் என்று யாருக்கும் கேட்கவில்லை. வெளியே மேளம் வலுத்தது. நேரமாயிற்று என்று ஒருவர் ஐஸ் பெட்டியின் ஒயரைப் பிடுங்க வந்தார். தாய்மாமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு நைனா. கொழந்த பாத்துகினு கீது."

அவளுடைய அப்பா பேசி முடிக்க நேரமெடுத்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.