களியக்காவிளையில் நிற்கும் வண்டி

புதுக்கடையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஓடுகிற வாடகை வண்டிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்று மட்டும், தலைபோகிற அவசரமானாலும், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டுமுன் ஒரு டீக்கடை ஓரமாக நிற்கும். ஓட்டுகிறவள் இறங்கிப் பின்கதவைத் திறந்து, "பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு, விசா, மூணையும் கையில எடுத்துக் காட்டுங்க" என்பாள். முதல்முறை கல்ஃபுக்குப் போகிற பொடியனானாலும் சரி, முப்பது வருஷம் அங்கே கிடந்து தேறிய பெரியவரானாலும் சரி, காட்டாமல் வண்டி நகராது. இதற்கு ஊரில் ‘டெல்சி செக்போஸ்ட்’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். டெல்சி அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இருபது வருஷத்தில் அவள் ஓட்டிய வண்டியில் போன ஒருத்தரும் விமானத்தைத் தவறவிட்டதில்லை. கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தது ஆசைப்பட்டு ஒன்றுமில்லை, எரிச்சலில். புருஷன் சுந்தர்சிங் அப்போது சவுதி தம்மாமில் டொயோட்டா உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். முதல் ஐந்து நிமிஷம் பிள்ளைகள், சர்ச், தேங்காய் வெட்டு. மீதி இருபது நிமிஷமும் டொயோட்டா. அரபி ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஏற்றிக்கொண்டு மணல்மேட்டில் ஏறுவது ஹைலக்ஸ், டாக்சிக்காரன் ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னும் விற்காமல் வைத்திருப்பது கரோலா. "எஞ்சினப் பிரிச்சுப் பணிய ஒருத்தனும் கொண்டு வரமாட்டானாக்கும் ஏட்டி, வந்தா பிரேக்கு கட்டைக்கு வருவான், பில்டருக்கு வருவான், அவ்வளவுதான்" என்பார். கடையில் இருக்கிறவருக்கு வியாபாரம் குறைகிறதே என்ற கவலை இருக்க வேண்டாமா? இவருக்கு அதில்தான் பெருமை.

இந்தியாவுக்கு குவாலிஸ் வந்தது இரண்டாயிரத்தில். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்து ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தினார்கள். அந்த வண்டிக்கு அன்று எங்கள் பக்கத்தில் இருந்த மவுசை இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். குடும்பம் மொத்தமும் ஏறலாம், மேலே காரியரில் கல்ஃப் பெட்டிகளை வரிசையாகக் கட்டலாம், கடைசி இருக்கையில் மடக்கி உட்காரவைத்த மாமியாருக்கும் ஏசி காற்று போய்ச் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த முத்திரை. அங்கே முதலாளி ஏறிப் போகும்போது ஒதுங்கி நின்று பார்த்த வண்டி, இங்கே நம்முடைய கொல்லாமரத்து நிழலில் நிற்கிறது என்றால் சும்மாவா! தேங்காய்ப்பட்டணம் முதல் மார்த்தாண்டம் வரை கல்ஃப்காரர் வீட்டு ஆண்கள் அதை ஒருமுறையாவது தட்டிப் பார்க்காமல் கடந்து போகமாட்டார்கள்.

வண்டி வந்தது, ஓட்ட ஆள் வேண்டுமே. எட்டு மாதத்தில் மூன்று டிரைவர்கள். முதலாமவன் ஒரு கல்யாண வீட்டு மதிலில் உரசிக்கொண்டு வந்தான். இரண்டாமவன் துறைமுகத்திலிருந்து கருவாட்டு மூட்டை ஏற்றியிருக்கிறான். ஒரு மாதம் சர்ச்சுக்குப் போனால் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாமவன் வண்டியோடு இரண்டு நாள் காணாமலே போனான். மூன்றாம் நாள் அவன் சிரித்துக்கொண்டு வந்து சாவியை நீட்டியபோது, டெல்சி அதைப் பிடுங்கிக்கொண்டு, "நாளையிலேருந்து நீ வரண்டாம்" என்றாள். பிறகு யார் ஓட்டுவது என்று அவளுக்கும் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை மார்த்தாண்டத்தில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை.

அந்த வருஷம் சுந்தர்சிங் லீவில் வந்தார். விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர், பெண்டாட்டியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"டிரைவர் எங்க ஏட்டி? டீ குடிக்கப் போனானா?"

"ஏறுங்க, இப்ப வருவாரு" என்றாள் டெல்சி. அவர் ஏறியதும் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். பாலராமபுரம் வருமட்டும் மனிதர் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். அங்கே நெரிசலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தார். தெருவுக்குள் தறி ஓடும் சத்தம் கேட்டது. அதைக் காட்டி, "இந்தக் கம்பெனிக்காரனும் முதல்ல கார் செய்யல்ல, தெரியுமா? தறியாக்கும் செய்தான்" என்று ஆரம்பித்தார்.

டொயோடா என்பது அந்தக் குடும்பத்தின் பெயராம். தறியில் ஒரு நூல் அறுந்தால் நெய்கிறவன் கவனிப்பதற்குள் ஒரு முழத் துணி வீணாகிவிடும். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு தறி செய்தார். நூல் ஒன்று அறுந்தால் அது தானே நின்றுவிடும். அந்தத் தறி கொண்டுவந்த பேரோடும் பணத்தோடும்தான் மகன் கார் செய்ய இறங்கினார். பிறகு பெயரை டொயோட்டா என்று மாற்றிக்கொண்டார்கள். ஜப்பான் எழுத்தில் எட்டே கோட்டில் எழுதிவிடலாம், எட்டு அங்கே ராசி. "நானும் எட்டு போட்டுத்தானே லைசென்சு வாங்கினேன்" என்றாள் டெல்சி. சுந்தர்சிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தறியின் புத்தி இன்றும் அவர்கள் கார்த் தொழிற்சாலையில் இருக்கிறது என்றார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட, ஏதாவது பிசகு கண்டால், கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவனும் கத்தமாட்டான்.

இந்தக் கதை டெல்சியின் மனதில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. வாடகைக்கு ஓட்டத் தொடங்கிய முதல் வாரமே களியக்காவிளையில் நிறுத்தினாள். அங்கிருந்து திரும்பினால் வீடு பக்கம்; அதைத் தாண்டிவிட்டால் அறுந்த நூல் அறுந்ததுதான். குவாலிஸை கம்பெனி நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தபோது, நன்றாக ஓடுகிற வண்டியை எவனாவது நிறுத்துவானா என்று ஊரே திட்டியது. டெல்சியும் திட்டினாள். பிறகு தன் ஓட்டத்தில் சேர்த்த காசில் அவளே ஒரு இன்னோவா வாங்கினாள். குவாலிஸ் வாடகை ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, சர்ச்சுக்குப் போகவும் தேங்காய் ஏற்றவும் வீட்டில் நின்றது. இரண்டுக்கும் ஆர்சி புத்தகத்தில் சுந்தர்சிங் பெயர். ஊருக்கும் அது ‘சுந்தர்சிங்குக்க வண்டி’. அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகு தினமும் காலையில் இரண்டையும் கழுவுவார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எனக்க வண்டி டொயோட்டாவாக்கும்" என்பார். டெல்சிக்கு அது சுருக்கென்று இருக்கும். வாய் திறந்து சொன்னதில்லை.

போன மாதம் எபினை ஏற்றிய அன்று நடந்ததுதான் இப்போது ஊரெல்லாம் பேச்சு.

எபினுக்கு மஸ்கட்டில் வேலை. விசாவில் நாட்டுக்குள் நுழையக் கொடுத்த கடைசி நாள் அன்றுதான். அன்று அங்கே இறங்காவிட்டால் விசா செல்லாது, வேலையும் போச்சு. அப்பா இல்லாத பையன். அம்மா பேபி முந்திரி ஆபீசில் பருப்பு உடைத்துப் படிக்கவைத்த பிள்ளை. மாலை நாலரைக்கு விமானம், மூன்றரைக்குக் கவுண்டரை அடைப்பார்கள். பதினொன்றரைக்குப் புறப்படுவதாகப் பேச்சு. ஆனால் எங்கள் பக்கத்தில் ஜெபம் பண்ணாமல் யாரும் வெளிநாட்டுக்குக் கிளம்புவதில்லை. சர்ச் உபதேசியார் தம் பைபிளுக்குள் பாஸ்போர்ட்டை வைத்து, அதன்மேல் கையை வைத்து, மஸ்கட்டில் உள்ள முதலாளியிலிருந்து விமானத்தின் இறக்கை வரைக்கும் ஒவ்வொன்றாக ஜெபித்தார். அவர் முடிக்க, தாய்மாமன் ஜஸ்டஸ் தொடங்கினார். ஒருவழியாக வழியனுப்புகிறவர்களையும் சேர்த்து ஏழு பேர் இன்னோவாவில் ஏறி, சந்தைக் கூட்டத்தில் ஊர்ந்து, களியக்காவிளை வந்தபோது மணி ஒன்றே முக்கால்.

டெல்சி இண்டிகேட்டரைப் போட்டாள்.

"ஏ பிள்ளே, நிறுத்தாத!" என்று முன்சீட்டிலிருந்து கத்தினார் ஜஸ்டஸ். "நேரம் போன கோலம் காணல்லியா? இன்னிக்கு ஒரு நாள் உனக்க செக்போஸ்ட விடு."

"ஒரு நிமிஷந்தான் அண்ணே."

"அந்த ஒரு நிமிஷத்துல பயலுக்க வாழ்க்கை போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

டெல்சி மணியைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள், அந்த நேரம் கடந்துவிட்டது. பைபாஸைப் பிடித்தால் முக்கால் மணி நேரம், வழியில் ஏதாவது அடைப்பு என்றால் அதோகதி. ஆனாலும் கால் பிரேக்குக்குத்தான் போனது. "சொல்லுவேன். இது இந்த வண்டிக்க வழக்கம்" என்று இறங்கி, பின்கதவைத் திறந்து கையை நீட்டினாள்.

டிக்கெட் வந்தது. விசாத் தாள் வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. எபின் பையைக் கவிழ்த்தான். பேபி கைப்பையை உதறினாள். வேப்பெண்ணெய்க் குப்பியும் சில்லறையும் ஜெபக் கூட்டத்து நோட்டீசும் விழுந்தன. பேபி அழத் தொடங்கிவிட்டாள்.

"மைனி, கரையாதீங்க. கடைசியா அத எப்ப கண்டீங்க?" என்றாள் டெல்சி.

"ஜெபத்துக்கு எடுத்துக் குடுத்தேன் மக்கா, உபதேசியாருக்க கையில..." என்று தொடங்கிய பேபி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்போர்ட் பைபிளுக்குள். பைபிள் உபதேசியாரின் கக்கத்தில். உபதேசியார் ஸ்கூட்டரில் அடுத்த வீட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார். போன் அடித்தார்கள், ஜெபத்தில் நிற்கிற மனிதர் போனை எடுப்பாரா?

டெல்சி வீட்டில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டாள்.

"இஞ்சேருங்க, குவாலிஸ எடுங்க."

"இப்பத்தான ஏட்டி கழுவி நிறுத்துனேன்!"

"கழுவினது போதும். உபதேசியார் எங்க நின்னாலும் புடிச்சு, அவருக்க பைபிளோட களியக்காவிளைக்குக் கொண்டுவாங்க. எபினுக்க பாஸ்போர்ட்டு அதுக்குள்ள இருக்கு."

எதிர்முனையில் செல்ஃப் அடிக்கும் சத்தம் கேட்டது. முதல் சாவியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வயது வண்டி! டெல்சி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள்.

அடுத்து நடந்ததை உபதேசியாரே இப்போது எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். புது வீட்டு அஸ்திவார ஜெபம், ஐம்பது பேர் கண்ணை மூடி நிற்கிறார்கள். சுந்தர்சிங் விசாரித்துக்கொண்டு போய் நின்றார். ஜெபத்தின் நடுவில் எப்படிக் கூப்பிடுவது? உபதேசியாரோ அப்போதுதான் செங்கலை முடித்துவிட்டு சிமென்டுக்கு வந்திருந்தார். சுந்தர்சிங் பார்த்தார், அடிவயிற்றிலிருந்து, "ஆமேன்!" என்று ஒரு போடு போட்டார். ஐம்பது பேரும் "ஆமேன்" என்றார்கள். ஜெபம் முடிந்துவிட்டது. உபதேசியார் கண்ணைத் திறந்து விழிப்பதற்குள் குவாலிஸுக்குள் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு முப்பத்தெட்டுக்கு அந்த வெள்ளை வண்டி, ஹெட்லைட் எரிய, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வந்து நின்றது. உபதேசியார் பைபிளைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். "ஒரு சின்ன ஜெபம்..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே டெல்சி கியரைப் போட்டுவிட்டாள்.

அந்த ஓட்டத்தை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். பைபாஸில் ஏறியதும் வண்டி தன் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டது. ஏழு பேரோடும் பெட்டிகளோடும் அது உறுமவும் இல்லை, உதறவும் இல்லை; அவள் கேட்ட வேகத்தைக் கொடுத்தது. மூன்று இருபத்தொன்றுக்கு வாசலில் இறங்கினார்கள். அங்கே துப்பாக்கியோடு நின்ற காவலர் முதலில் நீட்டச் சொன்னது பாஸ்போர்ட்டைத்தான். அதைப் பார்த்து ஜஸ்டஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். களியக்காவிளையில் நிற்காமல் வந்திருந்தால் இந்த வாசலில் அல்லவா தெரிந்திருக்கும்! எபின் ஓடினான். பத்து நிமிஷத்தில் போன் வந்தது: "அக்கா, போர்டிங் பாஸ் கிட்டிச்சு." பேபி டெல்சியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் சேலைத் தோள் நனைந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஜஸ்டஸ், "நான் பேசினது தப்பு மக்கா" என்றார். "விடுங்க அண்ணே" என்றாள்.

களியக்காவிளையில் குவாலிஸ் போகாமல் அங்கேயே நின்றது. சுந்தர்சிங்கும் உபதேசியாரும் டீக்கடைப் பெஞ்சில். டெல்சி இன்னோவாவை அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி இறங்கினாள். மத்தியானத்திலிருந்து நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் சுந்தர்சிங்கிடம், "ரெண்டும் உங்களுக்க வண்டியா அண்ணே?" என்று கேட்டார்.

இதற்குச் சுந்தர்சிங் சொல்லும் பதில் பல வருஷமாக டெல்சிக்கு மனப்பாடம். அவர் கிளாசைக் கீழே வைத்தார். இரண்டு வண்டியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"எனக்கதா? இல்ல. ரெண்டும் அவளுக்க வண்டியாக்கும்."

டெல்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாரும் பார்க்க அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. வண்டிக்குப் பின்னால் போய், டயரைப் பார்க்கிறவள்போல் குனிந்தாள். காற்று சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நாலு டயரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் டீ குடிக்க வந்தாள்.