கம்பவுண்டர் சொன்ன பிரஷர்

பங்குச் சந்தையில் இறங்கியவர்கள் காலையில் எழுந்ததும் எதைப் பார்ப்பார்கள்? செய்தி பார்ப்பார்கள், வெளிநாட்டு நிலவரம் பார்ப்பார்கள், சிலர் சகுனம்கூடப் பார்ப்பார்கள். டெலிபோன் அக்கா பதினோரு வருடம் பிரஷர் பார்த்துக்கொண்டாள்.

பார்த்துச் சொன்னவர் அவள் கணவர். சின்ன கிளினிக் ஒன்றில் முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தை ஒன்பதே காலுக்குத் திறக்கும். எட்டே முக்காலுக்கு அவர் பிரஷர் பார்க்கும் பாதரசப் பெட்டியைச் சாப்பாட்டு மேஜைமேல் திறந்து வைப்பார். அவள் கையை நீட்டுவாள். பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, ரப்பர் பந்தை அமுக்குவார்.

"பேசாத. மூச்சை மெதுவா விடு."

"நான் எங்கங்க பேசினேன்?"

"இதோ, இப்ப பேசினியே."

காற்று புஸ்ஸென்று இறங்கும். பெட்டியின் முகம் எப்போதும் அவர் பக்கம்தான் இருக்கும். அவர் சொல்கிற எண்தான் அன்றைய தீர்ப்பு. நூற்றி நாற்பதுக்குள் என்றால் அவள் கம்ப்யூட்டரைத் திறக்கலாம். ஒன்று கூடினாலும் அன்றைக்குக் கடை மூடல். அப்பீலுக்கு இடமே கிடையாது.

இந்தச் சட்டம் வந்த கதை இது. அக்கா இருபத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். போர்டில் நாற்பது விளக்கு ஒரே நேரத்தில் எரிந்தாலும் பதற மாட்டாள். ஒரு கம்பியைச் செருகி, "கொஞ்சம் இருங்க" என்பாள். எதிர்முனையில் கத்திக்கொண்டிருந்தவன் கப்சிப். தானாகவே இணைப்புக் கொடுக்கும் மிஷின் வந்து ஆபரேட்டர்களை வீட்டுக்கு அனுப்பியபோது கையில் ஒரு தொகை கொடுத்தார்கள். பாதியைக் கணவனும் மனைவியுமாக வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டார்கள். அது கடைசிக் காலத்துக்கு, தொடக் கூடாது. மீதியில்தான் அவளுடைய வியாபாரம்.

நாற்பது விளக்குக்கு அசராதவள் கம்ப்யூட்டரில் விலை இறங்கிக் காட்டும் ஒரு சிவப்புக் கோட்டுக்கு ஆடிப்போனாள். அங்கே எரிந்தது அடுத்தவர் வீட்டு அவசரம், இங்கே எரிந்தது சொந்தப் பணம். முதல் வருடமே ஒருநாள் சந்தை சரிந்தபோது பால்காரரைக் காரணமில்லாமல் திட்டினாள், மகளைப் போனில் அழ வைத்தாள், கடைசியில் நாற்காலியிலேயே தலைசுற்றிச் சாய்ந்தாள். கம்பவுண்டர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நூற்றி எண்பத்தெட்டு. மறுநாள் காலையிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது.

சண்டை இல்லாமலா? ஒருமுறை முந்தின நாள் நன்றாக அடிவாங்கியிருந்தாள். விட்டதை இன்றைக்கே பிடித்துவிடுவது என்று இரவெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கம்பவுண்டர் பாதரசத்தைப் பார்த்தார்.

"நூத்தி அம்பத்திரெண்டு."

"நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணுமே பண்ணல."

"பண்ணாதுதான். அதுக்குத்தானே மிஷின்."

அன்றைக்கென்று அவள் வாங்க நினைத்த பங்கு ஏறு ஏறென்று ஏறியது. இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குத் துணி மடித்தார், ரேடியோ கேட்டார், எட்டே முக்காலுக்குப் பெட்டியைத் திறந்தார். அவளும் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. மேஜையில் இப்போது மகள் வாங்கித் தந்த எலக்ட்ரானிக் மிஷின் இருக்கிறது. பித்தானை அமுக்கினால் தானே இறுக்கி, தானே தளர்ந்து, எண்ணைப் பெரிதாகக் காட்டும். எல்லாம் சரிதான். ஆனால் அதற்கு விரல் இல்லை. பட்டையைச் சுற்றும்முன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பாரே, அந்த விரல்கள். பஞ்சில் தொட்ட ஸ்பிரிட் வாசம் ஓய்வு பெற்ற பிறகும் அவற்றில் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அவள் இத்தனை வருடம் சந்தையில் இருந்தாளோ என்னவோ.

நேற்று ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கு அவளைக் கவிழ்த்துவிட்டது. நான்கு மாத லாபம் நாற்பது நிமிடத்தில் போயிற்று. இன்று காலை அவள் முடிவெடுத்துவிட்டாள். வைப்பு நிதியை உடைத்து, அதே பங்கை இரண்டு மடங்காக வாங்கி, விட்ட இடத்திலேயே பிடிப்பது. புரோக்கர் ஆபீஸ் தம்பியிடம் போனில் சொல்லியும் வைத்தாள். பித்தானை அமுக்கினாள். நூற்றி இருபத்தாறு. உத்தரவு கிடைத்துவிட்டது.

வைப்பு நிதிப் பத்திரம் பழைய பாதரசப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டில் அவள் கை படாத இடம் அது ஒன்றுதான் என்று கம்பவுண்டர் அங்கே வைத்திருந்தார். அலமாரி மேலிருந்து இறக்கித் திறந்தாள். பத்திரம் ஒரு தடித்த நோட்டுக்குள் செருகியிருந்தது. தினமும் பிரஷரைக் குறித்துவைக்கும் நோட்டு. டாக்டர் கையெழுத்தைப் படித்துப் படித்து அவர் கையெழுத்தும் அதே கதிக்கு வந்திருந்ததால் அவள் இதுவரை அதைப் புரட்டியதில்லை. இன்று பத்திரத்தை உருவும்போது ஒரு பக்கம் கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண்கள். 'பார்த்தது', 'சொன்னது'.

பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சில நாள் இல்லை.

'பார்த்தது 124. சொன்னது 150. டீ ஆறிப்போச்சுன்னு மூணு தடவை சொன்னா. ஆறல.'

'பார்த்தது 143. சொன்னது 136. இப்பதான் மாடி ஏறி வந்தா. நிதானமா இருக்கா. பாட்டு முணுமுணுக்கிறா.'

அவள் வேகவேகமாகப் பின்னால் புரட்டினாள். அந்தச் சண்டை நாள் கிடைத்தது.

'பார்த்தது 128. சொன்னது 152. நேத்து விட்டதைப் பிடிக்கப் போறா. ரெண்டு நாள் பேசமாட்டா. பரவாயில்ல.'

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அக்கா, வெறும் நாற்காலியைப் பார்த்து. "பதினோரு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்களே!"

சாப்பாட்டில் உப்பு கூடினால்கூட முகத்திலேயே காட்டிவிடுகிற மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஊரெல்லாம் பேர். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, எண்ணைச் சொல்லும்போது மட்டும் அவர் ஏன் குனிந்தே இருந்தார் என்று. அவர் பாதரசத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளைப் பார்த்து முடித்திருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. எட்டு மாதமாக வராத அழுகை, மேஜையில் கவிழ்ந்து நன்றாக அழுதாள்.

போன் அடித்தது. புரோக்கர் ஆபீஸ் தம்பி.

"அக்கா, மார்க்கெட் திறந்தாச்சு. பேங்குக்குக் கிளம்பிட்டீங்களா? உங்க பங்கு இன்னும் இறங்கியிருக்கு, வாங்க நல்ல நேரம்."

அவள் மேஜையைப் பார்த்தாள். காலையில் போட்ட டீ குடிக்காமல் ஆறிக் கிடந்தது. போட்டதே நினைவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள், எக்ஸ்சேஞ்சில் பேசிய அதே குரலில். முகத்தைத் துடைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டாள். "இன்னைக்கு வேணாம் தம்பி."

"ஏன்க்கா? உடம்புக்கு என்ன?"

"பிரஷர். நூத்தி அம்பத்திரெண்டு."

"ஐயையோ, முதல்ல போய்ப் படுங்கக்கா."

பத்திரத்தைப் பழையபடி நோட்டுக்குள் செருகினாள். பெட்டியை மூடப் போனவள் நின்று, பேனாவை எடுத்துவந்தாள். அவர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதினாள்.

'பார்த்தது 126. சொன்னது 152. டீ ஆறிப்போச்சு.'