நாளைக்கு எத்தனை காற்றாடி சுற்றும்?

நாளைக்கு அடிக்கப்போகும் காற்றைக் கணித்து, அதில் வரப்போகும் மின்சாரத்தை இன்றைக்கே விற்கிற தொழில் எங்களுடையது. எத்தனை விருந்தாளி வருவார்கள் என்று தெரியாமல் உலை வைத்துத் தவித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

பெருக்கப் போன இடம்

ஆண்டிபட்டிப் பக்கம் உள்ள காற்றாலை அலுவலகத்துக்குக் கூட்டிப் பெருக்கத்தான் போனேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். இருபது காற்றாடிகளில் நாளை எத்தனை ஓடும் என்று அங்கிருந்து தினமும் சென்னைக்குச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சொன்னது அடிக்கடி தப்பியது. அந்தக் காற்றில் வருஷக்கணக்காகச் சோளம் தூற்றியவள் நான். ஒருநாள் வாய் சும்மா இராமல், "நாளைக்குக் காத்து மத்தியானத்துக்கு மேலதான் சார்" என்றேன். அப்படியே நடந்தது.

மூன்று மாதம் சொல்லிப் பார், சரியாக வந்தால் காற்றைச் சொல்லும் இந்த வேலையே நிரந்தரம், இல்லையென்றால் பழைய வேலைதான் என்றார் மேனேஜர். வெளியே வந்ததும் வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "ஏத்தா, எதுக்கும் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டுறாத."

வராத புகை

சென்னையில் விற்பனையைப் பார்க்கும் பெண் நிவேதா. நிலக்கரி எரிக்காமல் மின்சாரம் எடுப்பதால், வராமல் போன புகைக்கு ஒரு சான்றிதழ் உண்டு, அதையும் வாங்க ஆள் இருக்கிறது என்று போனில் விளக்கினாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். மானாவாரியில் சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"வராத புகைக்கே விலை குடுக்குறாகளா? அப்ப வராத மழைக்கும் எதுவும் குடுப்பாகளான்னு கேட்டுச் சொல்லு."

மூன்று குறைவு

எனக்கோ பயம். மனசு பதினைந்து என்றால் வாய் பன்னிரண்டு என்று சொல்லும். கூடச் சொல்லி, ஓடாமல் போனால் விற்றதைக் கொடுக்காததற்கு அபராதமாம், அதற்கு யார் பதில் சொல்வது? தினமும் நான் சொன்னதைவிட மூன்று அதிகமாகவே ஓடின. நிவேதா ஒருநாளும் கோபப்படவில்லை. அதுவே என் பயத்தைக் கூட்டியது.

சோதனையின் கடைசி வாரம், ஆனது ஆகட்டும் என்று மனசில் பட்ட பன்னிரண்டை எதுவும் குறைக்காமல் அப்படியே சொன்னேன். மறுநாள் சரியாகப் பன்னிரண்டு சுற்றின. பாராட்டுக்குக் காத்திருந்தேன். போனில் நிவேதா அலறினாள்:

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! நீங்க எப்பவும் மூணு குறைச்சுத்தானே சொல்வீங்க? நான் மூணு கூட்டிப் பதினஞ்சுன்னு வித்துட்டேனே!"

தீர்ப்பு

மேனேஜர் கூப்பிட்டதும், இனிப் பழைய வேலைதான் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆனால் நிவேதா முந்திக்கொண்டு, அக்கா சொன்னது தப்பவில்லை, கூட்டியது நான்தான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். மேனேஜர் மூன்று மாதத் தாள்களையும் புரட்டிப் பார்த்தார். அந்த ஒரு நாளைத் தவிர எல்லா நாளும் அதே மூன்று குறைவு. இப்படி நூல் பிடித்த மாதிரி பயப்படுகிற ஆளை அவர் பார்த்ததே இல்லையாம்.

"வேலை நிரந்தரம்தாம்மா. ஆனா ஒண்ணு, தைரியம் மட்டும் வந்துறக் கூடாது, சொல்லிட்டேன்."

அடையாள அட்டையில் அனலிஸ்ட் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டில் இத்தனை வருஷம் சும்மா பயந்தவள், இப்போது மாதச் சம்பளத்துக்குப் பயப்படுகிறேன்.